கிராபீன் மேல் உலோகம்: எந்தச் சாதனத்துக்கு எந்த முறை?

சூப்பர் கெப்பாசிட்டர் (விரைவில் ஏறி இறங்கும் மின்தேக்கி), மின்கலம் ஆகியவற்றின் மின்முனைக்காக, கிராபீன் தாளில் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) உலோகத்தையோ உலோக ஆக்சைடையோ நானோ துகள்களாகப் பதிக்க ஏழெட்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஆய்வகத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அதற்கேற்ற முறையை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆட்டோகிளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய பாத்திரம்) இருந்தால் அதில் நீரோடு சூடேற்றும் நீர்வெப்ப முறை, குழாய் உலை இருந்தால் ஹைட்ரஜன் ஒடுக்கம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் அழகாக வரும். சோதனைச் செல்லில் போட்டால் வெறும் கிராபீனைவிடக் குறைவாக மின்னூட்டம் தேக்கும். சாதனம் எது, மின்பகுளி எது, அந்த உலோகத்துக்கு அங்கே என்ன வேலை என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் முடியும்.

உலோகம் செய்யக்கூடிய வேலைகள் நான்குதான். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இடைவெளி காக்கலாம். தாளுக்குத் தாள் மின்கடத்தலைக் கூட்டலாம். தானே மின்னூட்டத்தைத் தேக்கலாம். வினையூக்கியாக இருக்கலாம். முதல் இரண்டு வேலைக்கும் சில விழுக்காடு உலோகம் போதும். மூன்றாவதற்கு ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் வேண்டும், அதுவும் பெரும்பாலும் உலோகமாக அல்ல, ஆக்சைடாகவோ ஹைட்ராக்சைடாகவோ. நான்காவது லித்தியம்–கந்தகம், உலோகம்–காற்று மின்கலங்களில்தான் பயன்படும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. உங்கள் ஒடுக்கிய கிராபீன் ஆக்சைடு (கிராபீன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கிப் பெறுவது) கிராமுக்கு 200 ஃபாரட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எடையில் 20 விழுக்காடு வெள்ளி சேர்த்தால், வெள்ளி எதையும் தேக்காத நிலையில் மொத்தப் பொருளுக்குக் கிராமுக்கு 160 ஃபாரட்தான் மிஞ்சும். இழந்ததை ஈடுகட்டவே கிராபீனின் பங்கு 200லிருந்து 250 ஆக உயர்ந்தாக வேண்டும். 5 விழுக்காடு வெள்ளியானால் 211 ஆக உயர்ந்தால் போதும். கடத்தலுக்காகச் சேர்க்கும் உலோகத்தை ஐந்து விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் முன்பே யோசிக்க வேண்டும். சூப்பர் கெப்பாசிட்டரின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியோடு உயரும். நீர் மின்பகுளியில் பிளாட்டினமோ நிக்கலோ வெளிப்பட்டிருந்தால், ஹைட்ரஜன் வெளியேறும் வினையை அது ஊக்கிவிட்டு, பயன்படுத்தக்கூடிய மின்னழுத்த வரம்பைச் சுருக்கும். 1 வோல்ட் 0.8 வோல்ட் ஆனால் ஆற்றலில் 36 விழுக்காடு போகும். அந்த இழப்பை எந்தத் துகளும் மீட்டுத் தராது. விலையுயர்ந்த உலோகத்தைக் கொட்டி, ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் இந்த வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அடிப்படைப் பொருள்

பெரும்பாலான முறைகள் கிராபீன் ஆக்சைடில் தொடங்குகின்றன. அதன் ஆக்சிஜன் தொகுதிகள்தான் உலோக அயனியைப் பிடித்துவைக்கும் கொக்கிகள். கரைப்பானில் உரித்தெடுத்த குறையற்ற கிராபீன் நன்றாகக் கடத்தும். ஆனால் அயனி பிடித்துக்கொள்ள அதில் இடமில்லாததால் துகள்கள் ஓரங்களில் மட்டும் கொத்தாகச் சேரும்.

கிராபீன் ஆக்சைடு தயாரிக்க ஹம்மர்ஸ் முறை (1958), வேதியியலாளர் ஜேம்ஸ் டூர் குழுவின் மேம்படுத்திய முறை (2010) என இரண்டு முக்கிய வழிகள். முதலாவதில் 1 கிராம் கிராஃபைட்டுக்கு 23 மி.லி. அடர் கந்தக அமிலம், 0.5 கிராம் சோடியம் நைட்ரேட், 3 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். சில மணி நேரத்தில் முடியும், ஆனால் நச்சான நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வரும். இரண்டாவதில் 3 கிராம் கிராஃபைட்டுக்கு 360 மி.லி. கந்தக அமிலமும் 40 மி.லி. பாஸ்பாரிக் அமிலமும், 18 கிராம் பெர்மாங்கனேட், 50 டிகிரி செல்சியசில் 12 மணி நேரம். நச்சு வாயு இல்லை, ஆக்சிஜனேற்றம் சீராக இருக்கும். அமிலச் செலவுதான் பல மடங்கு. உலோகம் பதிக்கும் வேலைக்கு இரண்டாவதே மேல், கொக்கிகள் தாள் முழுக்கப் பரவி இருப்பதால்.

எந்த முறையானாலும் பெர்மாங்கனேட்டைச் சிறிது சிறிதாகத்தான் போட வேண்டும். அடர் அமிலத்தில் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு 55 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கும். கலவையின் வெப்பநிலையைக் கண்ணாடி வெப்பமானியால் உள்ளேயே பாருங்கள். வெந்நீர்த் தொட்டி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

கழுவுதலில்தான் அடுத்த கட்டத்தின் பாதித் தோல்விகள் பிறக்கின்றன. முதலில் 5 முதல் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் மாங்கனீசு, பொட்டாசியம் உப்புகள் போகும். பிறகு நீரால் கழுவ வேண்டும். அமிலத்தன்மை குறையக் குறையக் கிராபீன் ஆக்சைடு கூழாகி சென்ட்ரிஃபியூஜில் இறங்க மறுக்கும். அங்கே பொறுமை இழந்து நிறுத்திவிட்டால் குளோரைடு மிஞ்சும், பின்னால் வெள்ளி நைட்ரேட் சேர்த்ததும் வெள்ளிக் குளோரைடாக வீழ்படியும். வடிநீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால்போல் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். கூழ் படியாத கட்டத்தில் டயாலிசிஸ் பைக்கு (உப்பை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) மாற்றிவிடுவது உத்தமம். பொட்டாசியம் உப்பு மிஞ்சிய உலர்ந்த கிராபீன் ஆக்சைடு எளிதில் தீப்பற்றும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எந்த உலோகம், எந்த ஒடுக்கி

நியம மின்முனை அழுத்தங்களின் அட்டவணையே இங்கே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. எண் கூடினால் அயனியை உலோகமாக ஒடுக்குவது எளிது. பல்லாடியம் 0.95, வெள்ளி 0.80, தாமிரம் 0.34 வோல்ட். வெள்ளீயம் மைனஸ் 0.14, நிக்கல் மைனஸ் 0.26, கோபால்ட் மைனஸ் 0.28, இரும்பு மைனஸ் 0.44, மாங்கனீசு மைனஸ் 1.18. முதல் மூன்றும் அஸ்கார்பிக் அமிலத்துக்கும் சூடான எத்திலீன் கிளைக்காலுக்கும் படியும். நிக்கலும் கோபால்ட்டும் எளிதில் படியாது. அவற்றுக்குக் காரக் கரைசலில் ஹைட்ரசீன், அல்லது உலையில் ஹைட்ரஜன் தேவை. மாங்கனீசை நீர்க்கரைசலில் உலோகமாக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். அது ஆக்சைடாகவே வரும், நமக்கும் அதுதான் வேண்டும்.

சோடியம் போரோஹைட்ரைடு எல்லாவற்றையும் ஒடுக்கும் என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நிக்கல், கோபால்ட் உப்புகளோடு அது தருவது தூய உலோகம் அல்ல, படிக ஒழுங்கற்ற போரைடு (உலோகமும் போரானும் சேர்ந்த சேர்மம்). படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் உலோகக் கோடுகள் வரவில்லை என்றால் துகள் மிகச் சிறியது என்று எழுதிவிடுகிறார்கள். போரைடு என்பதுதான் பல நேரம் உண்மை. மேலும் ஹைட்ரஜன் நுரை பொங்கும், ஆகவே பனிக்கட்டித் தொட்டியில், பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைசல் இல்லாமல், சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

கரைசலில் வெள்ளி: நெருங்கிப் பார்த்தால்

100 மி.கி. கிராபீன் ஆக்சைடை 100 மி.லி. நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் மீயொலித் தொட்டியில் பிரிக்கலாம். அதற்கு மேல் போனால் தாள்கள் துண்டாகும், தொட்டி நீரும் சூடேறும். ஒடுக்கிய பிறகு இந்த 100 மி.கி.யில் சுமார் 55 மி.கி. மட்டுமே மிஞ்சும், ஆக்சிஜனும் நீரும் போய்விடுவதால். உலோக அளவைக் கணக்கிடும்போது 100ஐப் போட்டுக் கணக்கிடுவதுதான் மிகப் பரவலான பிழை. 5 விழுக்காடு வெள்ளி வேண்டுமானால் 2.9 மி.கி. வெள்ளி, அதாவது 4.6 மி.கி. வெள்ளி நைட்ரேட். இவ்வளவு சிறிய எடையை நிறுப்பதைவிட 10 மில்லிமோலார் கரைசலில் 2.7 மி.லி. எடுப்பது துல்லியம். 20 விழுக்காடானால் 21.7 மி.கி. நைட்ரேட்.

வெள்ளிக் கரைசலை விட்டு, வெளிச்சம் படாமல் முப்பது நிமிடமாவது கலக்க வேண்டும். அயனிகள் ஆக்சிஜன் தொகுதிகளில் போய் உட்கார அந்த நேரம் தேவை. அதற்குள் அஸ்கார்பிக் அமிலத்தைக் கொட்டினால் வெள்ளி கரைசலிலேயே ஒடுங்கி, தாளில் ஒட்டாத பெருந்துகள்களாகக் கீழே இறங்கும். ஒடுக்கி, கிராபீன் ஆக்சைடின் எடையில் மூன்று முதல் பத்து மடங்கு போதும். முதலில் நீர்த்த கரைசலாகச் சிறிதளவு சொட்டவிட்டு வெள்ளியை விதையாக உருவாக்கி, பிறகு மீதியைச் சேர்த்து 90 முதல் 95 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் தாளும் ஒடுங்கும். பழுப்பு நிறம் கருமையாகித் துணுக்குகள் படியத் தொடங்குவதே அடையாளம்.

தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கப் பிஹெச் 9–10க்கு அம்மோனியா சேர்ப்பது வெறும் கிராபீனுக்கு நல்ல பழக்கம். வெள்ளி இருக்கும்போது அதுவே ஆபத்து. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை எடுத்துவைத்தால் தொட்டாலே வெடிக்கும் வெள்ளி நைட்ரைடு உருவாகும். அன்றைக்கே அமிலமாக்கிக் கழித்துவிட வேண்டும். கழிவுப் புட்டியில் ஊற்றி மூடிவைக்கக் கூடாது. அதைவிடச் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச்சை உயர்த்திக்கொள்வது நல்லது, வெள்ளி விதையாக ஒடுங்கிய பிறகு மட்டும். முன்பே சேர்த்தால் பழுப்பு வெள்ளி ஆக்சைடு வீழ்படியும்.

ஹைட்ரசீன் தாளை அஸ்கார்பிக் அமிலத்தைவிட நன்றாக ஒடுக்கும், கொஞ்சம் நைட்ரஜனையும் பதித்துவிடும். புற்றுநோய் அபாயம் உள்ள ஆவியாகும் நச்சு அது. நிக்கல், கோபால்ட் தேவைப்படும் இடத்தைத் தவிர வேறெங்கும் அதற்குத் தேவை இல்லை என்பது எங்கள் முடிவு.

பிளாட்டினம், ருத்தேனியம், பல்லாடியம் என்றால் எத்திலீன் கிளைக்கால் முறை. கரைப்பானும் ஒடுக்கியும் அதுவே. சோடியம் ஹைட்ராக்சைடால் காரமாக்கி 120 முதல் 140 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் சில நானோமீட்டர் அளவே உள்ள சீரான துகள்கள் கிடைக்கும். பலர் விட்டுவிடும் படி அடுத்ததுதான். காரக் கரைசலில் துகள்களும் தாள்களும் ஒரே எதிர்மின்னூட்டத்தோடு விலகி நிற்பதால் பாதி உலோகம் வடிநீரோடு போய்விடும். ஆறியதும் பிஹெச்சை 2–3க்கு இறக்கிச் சில மணி நேரம் கலக்கினால் துகள்கள் தாளில் இறங்கும். வடிநீர் நிறமற்று இருந்தால் வேலை முடிந்தது, பழுப்பாக இருந்தால் உலோகம் இன்னும் கரைசலில்தான் இருக்கிறது. எத்தனாலாலும் நீராலும் பலமுறை கழுவாவிட்டால் கிளைக்கால் படலம் மின்தடையாக நிற்கும்.

நீர்வெப்ப முறை

ஆக்சைடு, ஹைட்ராக்சைடு வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தாளை ஒடுக்குவதும் துகளை வளர்ப்பதும் ஒரே பாத்திரத்தில் நடக்கின்றன. ஒரு மி.லி.க்கு 2 மி.கி. கிராபீன் ஆக்சைடு, உலோக அசிடேட், யூரியா, 180 டிகிரியில் 12 மணி நேரம். அந்தச் செறிவில் தாள்கள் தாமே கோத்துக்கொண்டு, டெஃப்லான் கிண்ணத்தின் வடிவத்தில் கருப்புக் கூழ் உருளையாக வெளியே வரும். செறிவை ஒரு மி.லி.க்கு 0.5 மி.கி. என்று குறைத்தால் உருளை உருவாகாது, தூள்தான்.

கிண்ணத்தை 60 முதல் 70 விழுக்காடு மட்டும் நிரப்ப வேண்டும். யூரியா சிதைந்து அம்மோனியாவும் கார்பன் டைஆக்சைடும் வரும், கிராபீன் ஆக்சைடும் தன் பங்குக்குக் கார்பன் டைஆக்சைடு விடும். ஹைட்ரசீன், போரோஹைட்ரைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் மூடிய ஆட்டோகிளேவில் போடாதீர்கள். சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள், தண்ணீரில் முக்கிக் குளிரவைக்கவும் வேண்டாம்.

அசிடேட் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நைட்ரேட் உப்பு மிஞ்சிய கிராபீன் ஆக்சைடை உலர்த்திச் சூடேற்றினால், ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் ஒரே பொடியில் இருக்கின்றன என்று பொருள். குறிப்பாக அடுத்த கட்டமாக உலைக்குப் போகும் மாதிரிகளில் நைட்ரேட்டைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

இந்த முறையின் பலவீனம், தாள் முழுவதுமாக ஒடுங்காது என்பது. கடத்துதிறன் உலையில் ஒடுக்கியதைவிடக் குறைவாகவே இருக்கும். இன்னொன்று, உப்பு அதிகமானால் துகள்கள் தாளில் வளராமல் கரைசலிலேயே கருவுற்றுத் தனியாகத் திரளும். 70 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சைடு ஏற்ற முனைபவர்கள் பெரும்பாலும் கலவை ஒன்றைத்தான் பெறுகிறார்கள், பதித்த கிராபீனை அல்ல.

வெள்ளீயத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வெள்ளீய இரு குளோரைடு தானே ஒடுக்கி. கிராபீன் ஆக்சைடை ஒடுக்கிக்கொண்டே வெள்ளீய ஆக்சைடாகத் தாளில் படியும். 55 மி.கி. கிராபீனில் 60 விழுக்காடு ஆக்சைடுக்கு, நீரேறிய உப்பு 124 மி.கி. கணக்குப்படி போதும். எல்லாம் படியாது என்பதால் சற்றுக் கூடுதலாக எடுக்கலாம். உப்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். வெறும் நீரில் கரைத்தால் சேர்க்கும் முன்பே வெள்ளையாகக் கலங்கிவிடும், அந்தத் துகள் பிறகு தாளில் ஒட்டாது.

பெர்மாங்கனேட்டை நேராகத் தாளில்

மாங்கனீசு டைஆக்சைடு பதிக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒடுக்கிய கிராபீனை நீரில் பிரித்துப் பெர்மாங்கனேட் சேர்த்து 60 முதல் 80 டிகிரியில் கலக்கினால், கார்பனே ஒடுக்கியாகி, மெல்லிய ஆக்சைடு படலம் தாளின்மேல் வளரும். ஊதா நிறம் மறைந்தால் முடிந்தது. நான்கு பெர்மாங்கனேட்டுக்கு மூன்று கார்பன் அணுக்கள் கரியும். 55 மி.கி. கிராபீனை 60 விழுக்காடு ஆக்சைடாக்க 130 மி.கி. பெர்மாங்கனேட் தேவை, அதில் 7.4 மி.கி. கார்பன் காணாமல் போகும். அந்தக் கார்பன் போனால் தாளில் ஓட்டைகள் விழும். கொஞ்சம் ஓட்டை அயனி நுழைய உதவும், அதிகமானால் கடத்தும் பாதை அறுபடும். அமிலம் சேர்த்தால் வேகம் கூடும், அரிப்பும் கூடும். நடுநிலை நீரே நல்லது. வளரும் ஆக்சைடில் பொட்டாசியமும் நீரும் அடுக்குகளுக்கு நடுவே தங்குவதால் உண்மையான எடை கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக வரும்.

மாங்கனீசு டைஆக்சைடு ஒரு எலக்ட்ரானுக்கு 1 வோல்ட் அகலத்தில் கிராமுக்கு 1110 ஃபாரட் தர வேண்டும் என்பது கணக்கு. அதன் கடத்துதிறன் மிக மோசமாக இருப்பதால் மேல் படலம் மட்டுமே வேலை செய்கிறது. தடித்த படலம் என்றால் கிராமுக்குக் கிடைப்பது சடசடவென்று இறங்கும். மின்பகுளி 1 மோலார் சோடியம் சல்பேட், வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டில் 0 முதல் 0.8 வோல்ட் வரை. கீழே போனால் மாங்கனீசு இரு நேரயனியாகவும் மேலே போனால் பெர்மாங்கனேட்டாகவும் கரையும்.

உலை

நிக்கல், கோபால்ட், இரும்பு உலோகமாகவே வேண்டும், அதோடு தாளும் நன்றாகக் கடத்த வேண்டும் என்றால் 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் 400 முதல் 500 டிகிரி, இரண்டு மணி நேரம். நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. 200 டிகிரியை ஒட்டிக் கிராபீன் ஆக்சைடு வெப்பம் உமிழ்ந்து சிதைவதால், வேகமாக ஏற்றினால் மாதிரி வைக்கும் படகு வடிவத் தட்டிலிருந்து பொடி முழுக்கக் குழாய்க்குள் பறந்துவிடும்.

இங்கே தவறுகள் எல்லாம் உலோகத்தின் வினையூக்கத் தன்மையால் வருபவை. ஹைட்ரஜனில் நிக்கலும் கோபால்ட்டும் கார்பனை மீத்தேனாக்கி, துகள் நகர்ந்த தடத்தில் கால்வாய் வெட்டும். ஆர்கானில் நிக்கல் ஆக்சைடை எதிர்பார்த்து வைத்தவருக்கு 500–600 டிகிரிக்கு மேல் உலோக நிக்கல் கிடைக்கும், தாளின் கார்பனே ஒடுக்கிவிடுவதால். காற்றில் ஆக்சைடாக்க முனைந்தால் உலோகம் கிராபீனின் எரிவெப்பநிலையை இறக்கி, 300 டிகிரியை ஒட்டியே பொருளைத் தின்னத் தொடங்கும். வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரிதான். உலையில் ஒடுக்கினால் உருகி ஒன்றுசேர்ந்து உருண்டைகளாகும், மேலே கார்பன் உறை இருந்தால் ஒழிய. கடைசியாக, குளிர்ந்த மாதிரியை நேரே காற்றில் திறக்காதீர்கள். ஒரு விழுக்காடு ஆக்சிஜன் கலந்த ஆர்கானை முதலில் சில மணி நேரம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் நானோ நிக்கல் தானாகவே சிவந்து எரியும்.

மின்படிவும் மற்றவையும்

மெல்லிய படல மின்முனை, குறுஞ்சாதனம் என்றால் மின்படிவுதான் முதல் தேர்வு. பிணைப்பி வேண்டாம், எவ்வளவு படிந்தது என்பதைக் கூலோம் கணக்கில் கட்டுப்படுத்தலாம். ஒரு கூலோமுக்கு 1.118 மி.கி. வெள்ளி. நிக்கல் ஹைட்ராக்சைடுக்கு 0.1 மோலார் நிக்கல் நைட்ரேட்டில் மைனஸ் 0.9 வோல்ட்டை ஒட்டி வைத்தால், நைட்ரேட் ஒடுங்கும்போது மேற்பரப்பில் காரத்தன்மை கூடி ஹைட்ராக்சைடு அங்கேயே படியும். இதில் மின்னூட்டமும் எடையும் ஒத்துப்போகாது, ஆகவே உலர்த்தி நிறுப்பதே வழி. குறை என்னவென்றால், தடித்த படலத்தில் வெளித்தோல் மட்டும் மூடும், உள்ளே உலோகம் போகாது. மின்னோட்டத்தைத் துடிப்புகளாகக் கொடுத்தால் கொஞ்சம் ஆழம் கூடும்.

தூவல் படிவு (வெற்றிடத்தில் உலோக அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைப்பது) நேர்க்கோட்டில் மட்டும் போகும், மேல் அடுக்கோடு சரி. வாயு வினையால் ஓர் அடுக்காக வளர்க்கும் அணு அடுக்குப் படிவு நுண்துளைக்குள்ளும் நுழையும், ஆனால் மெதுவானது, செலவும் மிகுதி. உலோக உப்பு கலந்த பாலிஇமைடு படலத்தைக் கார்பன் டைஆக்சைடு லேசரால் எழுதினால் கிராபீனும் துகளும் ஒரே நொடியில் பிறக்கும். 2014இல் டூர் குழு வெறும் பாலிஇமைடில் காட்டிய வழியின் நீட்சி இது. குறுமின்தேக்கிகளுக்கு நல்ல வழிதான், பொடியாகப் பொருள் வேண்டுபவர்களுக்குப் பயன் இல்லை.

உலர்த்துதல்

முறைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட இது பெரிய வேறுபாட்டைத் தரும். 60 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் நீர் விலகும்போது தாள்கள் இறுகிப் பளபளப்பான செதில்களாகும். கோட்பாட்டில் கிராமுக்கு 2630 சதுர மீட்டர் இருக்க வேண்டிய பரப்பில் மிகச் சிறு பங்குதான் மிஞ்சும். உறைய வைத்து வெற்றிடத்தில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தினால் பஞ்சுபோல் வரும், எடைக்கணக்கில் எண்கள் கூடும். ஆனால் பஞ்சுக்கு அடர்த்தி கிடையாது. சாதனத்தில் இடம்தான் முதல் கட்டுப்பாடு என்றால், மின்பகுளியை உள்ளே வைத்தபடியே படலத்தை இறுக்கி அடர்த்தியாக்குவதே கனஅளவுக் கணக்கில் வெல்லும்.

எண்களை நம்பும் முன்

உலோக அளவை வெப்ப எடைப் பகுப்பாய்வில் பார்க்கும்போது, காற்றில் எரித்து மிஞ்சுவது பெரும்பாலும் ஆக்சைடு. நிக்கலுக்கு 1.273ஆலும் கோபால்ட்டுக்கு 1.362ஆலும் வகுக்க வேண்டும். வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். உலோகம் பதிக்காத கிராபீனையும் அதேபோல் எரித்துப் பாருங்கள், பெர்மாங்கனேட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட மாங்கனீசு எவ்வளவு என்று தெரியும்.

நிக்கல் நுரைத் தாங்கி ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 மி.கி. இருக்கும். அதில் 1 மி.கி. பொருளைப் பூசிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அளந்தால், நுரையின் சொந்த ஆக்சைடு உச்சமும் உங்கள் பொருளின் கணக்கில் ஏறும். நிக்கல் ஹைட்ராக்சைடின் கோட்பாட்டு எல்லை கிராமுக்கு 289 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 1040 கூலோம். 0.5 வோல்ட் அகலத்தில் 2080 ஃபாரட். அதற்கு மேல் எண் வந்தால் நுரையைச் சந்தேகியுங்கள். தட்டையான மின்னிறக்கக் கோடு கொண்ட இந்தப் பொருளை ஃபாரட்டில் சொல்வதே பொருத்தமில்லை, கூலோமில் சொல்லுங்கள். இரு மின்முனைச் செல்லில் ஒரு மின்முனையின் கிராம் மதிப்பைப் பெற, மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, இரு மின்முனைகளின் மொத்த எடையாலும் மின்னழுத்தத்தாலும் வகுத்து, நான்கால் பெருக்க வேண்டும். பூச்சு சதுர சென்டிமீட்டருக்கு 1 மி.கி. இருக்கும்போது கிடைத்த எண், வணிக மின்முனையின் 10 மி.கி. அளவில் அப்படியே நிற்காது.

எதற்கு எதைத் தேர்வது

நீர் மின்பகுளி சூப்பர் கெப்பாசிட்டர்: பெர்மாங்கனேட் முறை, எதிர்முனையில் கிளர்வுற்ற கார்பன். இரண்டும் சேர்ந்து 1.8 வோல்ட் தரும். 1 வோல்ட் செல்லோடு ஒப்பிட்டால், தேக்குதிறன் அதே அளவில் இருக்கும்போது ஆற்றல் 3.2 மடங்கு. ருத்தேனியம் ஆக்சைடு இதைவிட நன்றாகக் கடத்தும், கந்தக அமிலத்தில் சிறப்பாக நடக்கும். ஆனால் குறுஞ்சாதனங்களுக்கு வெளியே அதன் விலைக்கு நியாயம் சொல்ல முடியாது. நீரேறிய வடிவம்தான் தேக்குகிறது, ஆகவே 150 டிகிரியை ஒட்டி நிறுத்த வேண்டும். அதிகம் சூடேற்றினால் நீர் போய்ப் படிகமாகித் தேக்குதிறன் விழும்.

கரிமக் கரைப்பான் சூப்பர் கெப்பாசிட்டர், 2.7 வோல்ட்: உலோகமே வேண்டாம். ஆக்சிஜன் தொகுதிகளையும் உலோகத்தையும் முடிந்தவரை நீக்கிய தூய கிராபீன்தான் அங்கே நிற்கும். மிஞ்சிய உலோகம் கரைப்பானைச் சிதைத்துத் தன்மின்னிறக்கத்தைக் கூட்டும்.

கார மின்பகுளியில் அதிகத் திறன்: நீர்வெப்ப முறையில் நிக்கல் அல்லது நிக்கல்–கோபால்ட் ஹைட்ராக்சைடு. இது மின்கல வகை மின்முனை என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைக்க வேண்டும். வெள்ளியைக் கடத்தலுக்காகச் சேர்த்தால் அந்தக் காரத்தில் அது வெள்ளி ஆக்சைடாகித் தன் சொந்த உச்சங்களோடு குறுக்கே வரும். குளோரைடு மின்பகுளியிலானால் வெள்ளிக் குளோரைடாகும். இரண்டையும் தவிர்க்க முடியாத இடத்தில் வெள்ளிக்குப் பதில் கார்பன் கருமை போட்டாலே போதும்.

லித்தியம் அயனி எதிர்முனை: வெள்ளீய ஆக்சைடு குறுக்கு வழி, அல்லது செலவு முக்கியம் என்றால் இரும்பு ஆக்சைடு, நீர்வெப்ப முறையில். கிராஃபைட்டின் 372 மில்லி ஆம்பியர் மணிக்கு எதிரே வெள்ளீய ஆக்சைடு 782, இரும்பு ஆக்சைடான மேக்னடைட் சுமார் 924. வெள்ளீய ஆக்சைடில் முதல் மின்னேற்றத்தில் கிராமுக்கு 711 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் ஆக்சைடாகப் போய், பெரும்பங்கு திரும்ப வராது. இதோடு கிராபீனின் பெரிய பரப்பில் படியும் மின்பகுளிப் படலமும் லித்தியத்தைத் தின்னும். எதிரே லித்தியத் தகடு வைத்துச் சோதிக்கும் அரைசெல்லில் அந்தத் தகடு இதை மறைத்துவிடும். முழுச் செல்லில் எதிரே இருக்கும் நேர்முனையின் லித்தியம்தான் செலவாகும், ஆகவே முன்கூட்டியே லித்தியம் ஏற்றும் வழி இல்லாமல் இந்தப் பொருளை எடுக்காதீர்கள். வெள்ளீயம் மின்னேற்றத்தில் மூன்று மடங்கைத் தாண்டி உப்புவதால் பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃபுளோரைடு) பிணைப்பி தாங்காது, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் பயன்படுத்த வேண்டும். தாமிரத் தகட்டில் பூசி 110–120 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.

லித்தியம்–கந்தக நேர்முனை: இங்கே மட்டும் உலையில் ஒடுக்கிய கோபால்ட் அல்லது நிக்கல், சில விழுக்காடு. மின்பகுளியில் கரையும் பாலிசல்பைடுகளை (லித்தியமும் கந்தகமும் சேர்ந்த இடைப்பொருள்கள்) உலோகம் பிடித்து வினையை வேகப்படுத்துகிறது. கால்வாய் வெட்டுவதைத் தவிர்க்க ஹைட்ரஜன் இல்லாத ஆர்கானில் 600 டிகிரியை ஒட்டி, கார்பனே ஒடுக்கட்டும் என்று விடலாம். வெளியே எடுக்கும் முன் மெதுவான காற்றேற்றம் இங்கும் கட்டாயம்.